பம்ப் பழுதா, கம்பிப் பழுதா?

வளர்ச்சித் திட்டங்களைப் பற்றி எழுதும்போது நிதி ஒதுக்கீடு, இலக்கு, சாதனை ஆகியவற்றை விரிவாக ஆராய்கிறோம். திட்டத்தின் பயனை ஊர் எல்லைவரை கொண்டுசெல்லும் வண்டியைப் பற்றி எழுதுவது அரிது. தடுப்பு மருந்து, விதை, பள்ளிப் பாடநூல், கைப்பம்புக்கான உதிரிப் பாகம் ஆகிய யாவும் கடைசிப் பத்து, இருபது கிலோமீட்டரைப் பெரும்பாலும் ஒரு சிறு சுமை வண்டியில்தான் கடக்கின்றன. மக்கள் வழக்கில் ‘பிக்-அப்’ எனப்படும் இவ்வண்டி பத்தாண்டுகளைக் கடந்து வழியில் நின்றுவிட்டால், “பம்ப் போய்விட்டது” அல்லது “வயரிங் கோளாறு” என்ற இரண்டு விடைகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது என்பதையும், பிரித்தறியாமையால் பொதுப்பணத்துக்கும் பொதுப்பணிக்கும் நேரும் இழப்பையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மலை மாவட்டத்தில்

சில ஆண்டுகளுக்கு முன், திட்டப் பணிகளைப் பார்வையிட வடகிழக்கு மாநிலம் ஒன்றின் மலை மாவட்டத்துக்குச் சென்றிருந்தேன். அங்கே தடுப்பு மருந்து எடுத்துச் செல்லும் டீசல் பிக்-அப் வண்டி ஒன்று, சமதளத்தில் ஒழுங்காக ஓடியது. மேடு பள்ளமான மலைச் சாலையில் ஏறும்போது மட்டும் திடீரென நின்றது. சிறிது நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் மீண்டும் ஓடும். பணிமனையில் முதலில் டீசல் பம்பை மாற்றினார்கள். பின்னர், உயர் அழுத்தப் பம்பைக் கழற்றி நகரத்துக்கு அனுப்பிச் சீர்செய்து வாங்கினார்கள். இரண்டுக்கும் உரிய ஒப்புதல் பெறுவதிலும் பாகங்கள் வந்து சேர்வதிலும் வாரங்கள் கழிந்தன. வண்டி திரும்பி வந்த முதல் பயணத்திலேயே அதே வளைவில் நின்றது.

அன்று மேலே உள்ள இரண்டு சிற்றூர்களில் தடுப்பூசி முகாம் நடைபெறவில்லை. மருந்து கெடவில்லை, குளிர்ப்பெட்டியிலேயே கிடங்குக்குத் திரும்பியது. ஆனால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் நடந்து வந்திருந்த தாய்மார்கள் வெறுங்கையோடு திரும்பினர். அடுத்த முகாமுக்கு அவர்களில் எத்தனை பேர் வருவார்கள் என்று அங்கிருந்த செவிலியர் கவலைப்பட்டார். அக்கவலையை எந்தச் செலவுக் கணக்கிலும் எழுத இயலாது.

பழுதைக் கண்டவர் சாலையோரத்தில் சிறு பட்டறை வைத்திருந்த முதிய மெக்கானிக் ஒருவர். அவர் எந்தப் பாகத்தையும் கழற்றவில்லை. உயர் அழுத்தப் பம்பின்மேல் உள்ள நிறுத்து வால்வின் மின் முனையிலிருந்து ஒரு நீண்ட கம்பியை எடுத்து, ஓட்டுநரின் கண்ணெதிரே ஒரு சிறிய பல்பில் இணைத்தார். பல்பின் மறுமுனையை வண்டி உடலோடு சேர்த்து எர்த் கொடுத்தார். வண்டியை அதே மலைச் சாலையில் ஓட்டச் செய்தார். குலுங்கும் இடத்தில் முதலில் பல்பு அணைந்தது. பிறகுதான் இன்ஜின் நின்றது. பம்பில் பழுதில்லை, அதற்கு வரும் மின்சாரமே அறுபடுகிறது என்பது அக்கணமே தெளிவாயிற்று. இரும்புத் தாங்கி ஒன்றின் விளிம்பில் உராய்ந்து, உறை கிழிந்து, இரண்டொரு இழைகளில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சாண் கம்பிதான் குற்றவாளி. முன்பு வேறொரு பதவியில் இருந்தபோது, இத்தகைய பம்ப் மாற்றுக் கோரிக்கைகள் பலவற்றுக்கு ஒரு கேள்வியும் கேளாமல் நான் கையொப்பமிட்டிருக்கிறேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

எரிபொருள் செல்லும் வழி

பழுதைக் காண்பதற்கு முதற்படி, எரிபொருள் செல்லும் வழியை மனத்தில் வரைந்துகொள்வதாகும். டீசல் வண்டியில் தொட்டியிலுள்ள டீசலைத் தாழ் அழுத்தப் பம்ப் ஒன்று உறிஞ்சி, வடிகட்டி வழியாக உயர் அழுத்தப் பம்புக்குத் தருகிறது. அங்கிருந்து இன்ஜெக்டர்கள் வழியாக அது இன்ஜினுக்குள் தெளிக்கப்படுகிறது. மிஞ்சியது தொட்டிக்குத் திரும்புகிறது. பழைய டீசல் வண்டிகளில் இப்பம்புகள் இன்ஜினின் சுழற்சியாலேயே இயங்குபவை. அவற்றுக்கு மின்சாரம் தேவையில்லை. ஆயினும் பல வண்டிகளில், சாவியைத் திருப்பியதும் திறந்து, மின்சாரம் நின்றதும் மூடிக்கொள்ளும் நிறுத்து வால்வு உண்டு. ஒரு கம்பி அறுந்தால் முழு இன்ஜினும் நிற்பது இதனாலேயே.

பெட்ரோல் வண்டிகளில் நிலைமை வேறு. கார்புரேட்டர் காலத்து ஜீப்புகளிலும் வேன்களிலும் இன்ஜினால் இயங்கும் சவ்வுப் பம்ப் இருந்தது. மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் பிற்கால வண்டிகளில் தொட்டிக்குள்ளேயே மின்சாரப் பம்ப் அமைந்துள்ளது. அது ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தரவேண்டும். சாவியைத் திருப்பியதும் இரண்டு, மூன்று வினாடிகள் மெல்லிய ரீங்காரம் கேட்கும். பின்னர் இன்ஜின் சுழலாவிட்டால் கட்டுப்பாட்டுப் பெட்டி அதனை நிறுத்திவிடும். இவ்வொலியைக் கேட்கப் பழகிய ஓட்டுநர் பாதிச் சோதனையை முடித்தவராவார்.

மின்சாரம் செல்லும் வழி

மின்சாரத்துக்கும் ஒரு வழி உண்டு. பாட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே, இணைப்பான் ஆகியவற்றின் வழியாக அது பம்பையோ வால்வையோ அடைகிறது. திரும்பும் பயணம் வண்டியின் இரும்பு உடல் வழியாக நிகழ்கிறது. இதனையே ‘எர்த்’ என்கிறோம். செல்லும் வழியைச் சோதிப்போர் பலர்; திரும்பும் வழியைச் சோதிப்போர் சிலரே. பழைய வண்டிகளில் துருப்பிடித்த எர்த் முனைகள் இன்ஜின் கோளாறு போலவும் பம்ப் கோளாறு போலவும் வேடமிட்டு வருவதுண்டு.

இங்கு ஓர் எளிய கணக்கை நோக்குவோம். மின்சாரப் பம்ப் ஒன்று 5 ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது எனக் கொள்வோம். துருவேறிய இணைப்பு ஒன்றில் அரை ஓம் மின்தடை ஏற்பட்டால், ஓம் விதியின்படி அங்கேயே 2.5 வோல்ட் இழப்பாகிறது. 12 வோல்ட் தேவைப்படும் பம்புக்கு 9.5 வோல்ட் மட்டுமே கிடைக்கிறது. பம்ப் சுற்றும், ஆனால் மெதுவாகச் சுற்றும். அழுத்தம் குறையும், ஏற்றத்தில் இன்ஜின் திணறும். இழந்த மின்சாரம் அவ்விணைப்பிலேயே ஏறத்தாழ 12 வாட் வெப்பமாக மாறி, பிளாஸ்டிக்கை உருக்கிப் பழுதை மேலும் வளர்க்கும். புதுப் பம்பைப் பொருத்தினாலும் அதற்கும் அதே 9.5 வோல்ட்தான் கிடைக்கும்.

சோதிக்கும் வரிசை

செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ள சோதனை கடைசியில் என்பதே நல்ல மெக்கானிக்கின் விதி. பொருளாதார மாணவர்களுக்கும் இவ்விதி புதியதன்று. வரிசை பின்வருமாறு அமையலாம்.

முதலாவதாக, தொட்டியில் உண்மையிலேயே எரிபொருள் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பழைய வண்டியின் அளவுகாட்டியை நம்பலாகாது. ஓடி நின்ற வண்டியில் தொட்டி மூடியை மெல்லத் திறக்கும்போது காற்று உள்ளே இழுக்கும் ஒலி பலமாகக் கேட்டு, அதன்பின் இன்ஜின் ஒழுங்காக ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம்.

இரண்டாவதாக, பாட்டரியை நோக்க வேண்டும். ஓய்வு நிலையில், முழுதும் மின்னேறிய பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாட்டரியோ அதன் முனைகளோ ஐயத்துக்குரியவை. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.4 வோல்ட்வரை காணப்பட வேண்டும்.

மூன்றாவதாக, ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தோன்றும் ஃபியூஸின் கால்கள் பச்சை பூத்திருக்கலாம். அதே எண் கொண்ட ரிலே ஹாரனுக்கும் இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது காசில்லாத சோதனை.

நான்காவதாக, பம்பின் அல்லது நிறுத்து வால்வின் முனையில் மின்சாரம் வருகிறதா என்று அறிய வேண்டும். சாவியைத் திருப்பும்போது நிறுத்து வால்வு ‘டிக்’ என ஒலித்தால் அது அசைகிறது. ஒலியில்லையெனில் கம்பியையும் எர்த்தையும் தொடர்ந்து செல்ல வேண்டும். இடையிடையே நிற்கும் வண்டிக்கு, மேலே கூறிய பல்புச் சோதனையைப் போல் தெளிவானது வேறில்லை. எரிந்துகொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றால் எரிபொருள் வழியைத் தேடுக. விளக்கு முதலில் அணைந்தால் கம்பி வழியைத் தேடுக.

ஐந்தாவதாகவே எரிபொருள் வழியைத் திறக்க வேண்டும். பழைய டீசல் வண்டியில், இன்ஜினை நிறுத்திவிட்டு, வடிகட்டியின் மேலுள்ள காற்று நீக்கும் திருகைச் சற்றுத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினால், குமிழில்லாத டீசல் வரவேண்டும். குமிழ்கள் நில்லாமல் வந்துகொண்டே இருந்தால் பம்புக்கு முன் உள்ள குழாயிலோ வாஷரிலோ காற்று புகுகிறது. இரவு முழுதும் நின்ற வண்டி காலையில் நெடுநேரம் சுழன்றே கிளம்புவதும், கிளம்பியதும் நின்றுவிடுவதும் இதன் அறிகுறிகள். குமிழின்றி மெலிந்த ஓட்டமாக வந்தால் வடிகட்டியும் தொட்டி வலையும் அடைபட்டிருக்கலாம். இவை யாவும் சரியாக இருந்த பின்னரே பம்பைக் கழற்றுவதற்கு நியாயம் உண்டு.

மீட்டரின் சாட்சியம்

மேற்கூறிய சோதனைகளுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஆனால் அதனைப் பயன்படுத்துவதில் ஒரு பிழை மலிந்துள்ளது. பம்பின் இணைப்பானைக் கழற்றி, கம்பி முனையில் 12 வோல்ட் காட்டுவதைக் கண்டு, “மின்சாரம் வருகிறது, ஆகவே பம்ப்தான் பழுது” என்று முடிவு கட்டுகிறார்கள். சுமையில்லாதபோது, ஒரே இழையில் தொங்கும் கம்பியும் 12 வோல்ட் காட்டும். சுமையேறினால்தான் அதன் பலவீனம் வெளிப்படும்.

ஆதலின், இணைப்பைக் கழற்றாமல், பம்ப் ஓடும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும், மற்றதைப் பம்பின் நேர்முனையிலும் வைத்தால், வழியில் எவ்வளவு வோல்ட் இழக்கப்படுகிறது என்பது நேரடியாகத் தெரியும். ஏறத்தாழ அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வழியில் குறை உண்டு. அவ்வாறே பம்பின் எதிர்முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் முனையைத் துருநீக்கி இறுக்க வேண்டும். மீட்டர் இல்லாத இடத்தில், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைப் பம்பின் இணைப்பானில் பொருத்திப் பார்க்கலாம். அது 1.75 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். நலிந்த கம்பியில் மங்கலாகவே எரியும். மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் காற்றுப்பை இணைப்புகளிலும் மட்டும் இப்பல்பைத் தொடுத்தல் கூடாது.

மழையும் உப்பும் எலியும்

நம் நாட்டின் தட்பவெப்பம் இப்பழுதுகளை வளர்ப்பதில் பங்கு கொள்கிறது. பருவமழைக் காலத்தில், பாதி காலியான தொட்டியின் உட்சுவரில் ஈரம் நீராகப் படிந்து டீசலுக்கு அடியில் தங்குகிறது. வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து அந்நீரை வெளியேற்றுவது சில நிமிடப் பணி. அதனைச் செய்யாவிடில் உயர் அழுத்தப் பம்பின் நுண்ணிய பாகங்கள் துருப்பிடிக்கும். கடலோர மாவட்டங்களில் உப்புக் காற்று செம்பு இழைகளைப் பச்சையாக்குகிறது. கிடங்கில் நெடுநாள் நிற்கும் வண்டியின் கம்பிகளை எலிகள் கடிக்கின்றன. பெட்ரோல் வண்டியில், தொட்டிக்குள் உள்ள பம்பைக் குளிர்விப்பது பெட்ரோலே. எப்போதும் குறைந்த அளவிலேயே ஓட்டினால் பம்பின் ஆயுள் குறையும்.

செய்யத் தகாதவை

எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றுவதும், 15 ஆம்பியருக்குப் பதிலாக 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகுவதும் வண்டிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். ஃபியூஸ் எரிந்தது என்றால் எங்கோ கம்பி உடலைத் தொடுகிறது அல்லது பம்ப் இறுகிவிட்டது. காரணத்தைக் காணாமல் ஃபியூஸை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. எரிபொருள் குழாயைத் திறந்துள்ளபோது மின்பொறி எழும் எந்தச் சோதனையும் செய்யலாகாது. ‘காமன் ரெயில்’ எனப்படும் பிற்கால டீசல் இன்ஜின்களில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேலே செல்லும். இன்ஜின் ஓடும்போது அக்குழாயைத் தளர்த்தினால், தெறிக்கும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். அவ்வண்டிகளைத் தக்க கருவியுள்ள பணிமனைக்கே விட்டுவிட வேண்டும்.

பொருளாதாரம் கூறுவது யாது?

ஒரு சாண் கம்பிக்கு ஆக வேண்டிய செலவு எவ்வாறு இரண்டு பம்புகளின் செலவாகிறது? இதற்குப் பொருளியலில் விடை உண்டு. 1973-ஆம் ஆண்டில் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்னும் இரு பொருளியலறிஞர்கள், வாங்கிய பின்னரும் அதன் தேவையை வாங்கியவரால் எளிதில் அறிய இயலாத பணிகளைப் பற்றி ஆராய்ந்தனர். பழுதுபார்ப்பு அத்தகையது. வண்டி ஓடத் தொடங்கினால், மாற்றிய பம்ப் உண்மையில் பழுதானதா, அல்லது பம்பை மாற்றும்போது தற்செயலாக ஒரு தளர்ந்த இணைப்பு இறுகியதா என்பதை உரிமையாளர் அறியார். இதில் எப்போதும் வஞ்சகம் இருக்க வேண்டியதில்லை. பாகத்துக்குப் பட்டியலில் விலை உண்டு. பழுதைத் தேடிய இரண்டு மணி நேர உழைப்புக்கு உரிய தலைப்பு பல பட்டியல்களில் இல்லை. எதற்குப் பணம் கிடைக்குமோ அதுவே நடைபெறுகிறது.

வண்டி நிற்கும் நாட்களின் செலவோ கண்ணுக்குத் தெரிவதில்லை. கணக்கின் எளிமைக்காக, வண்டியின் விலை 9 இலட்சம் ரூபாய், பயன்படும் காலம் 15 ஆண்டுகள் எனக் கொள்வோம். தேய்மானம் மாதத்துக்கு 5,000 ரூபாய். ஓட்டுநரின் மாத ஊதியம் 30,000 ரூபாய் எனில், மாதம் 35,000 ரூபாய் வண்டி ஓடினாலும் நின்றாலும் செலவாகிறது. இருபது நாள் நின்றால் ஏறத்தாழ 23,000 ரூபாய் பயனின்றிச் செலவாயிற்று. வாடகை வண்டி அமர்த்தினால் அது மேற்செலவு. அமர்த்தாவிட்டால் பணி நின்ற இழப்பு.

அரசு வண்டிகளைப் பொறுத்தமட்டில் இவ்விழப்பு மீட்க இயலாததாகிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. நாட்டின் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. முன்னர், நின்ற மாதங்களை வண்டியின் ஆயுளை நீட்டி ஈடுசெய்யலாம் என்று கருத இடமிருந்தது. இப்போது பதினோராம் ஆண்டில் கொட்டகையில் நின்ற மாதம் நின்றதுதான்.

அலுவலகம் செய்ய வேண்டியது

2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 21-ஆவது விதி, விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பணத்தைச் செலவிடுவதில் காட்டும் விழிப்பைப் பொதுப்பணத்தைச் செலவிடுவதிலும் காட்டவேண்டும் என்கிறது. சொந்த வண்டியாயின், “பம்ப் போய்விட்டது என்று எப்படித் தெரியும்?” என்று கேட்காமல் எவரும் பணம் தருவதில்லை. அக்கேள்வியை அலுவலக நடைமுறையாக்க நான்கு குறிப்புகள் போதும்.

பழுதுபார்ப்புக் கோரிக்கையில், வண்டி எப்போது, எச்சூழலில் நின்றது என்பதை ஓட்டுநரின் சொற்களிலேயே எழுத வேண்டும். பாட்டரி, பம்ப் முனை, எர்த் ஆகிய மூன்றிலும் அளந்த வோல்ட் அளவுகளைக் குறிக்க வேண்டும். எரிபொருள் குமிழின்றி வந்ததா என்பதைப் பதிய வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பப் பெற்றுப் பதிவேட்டில் காட்ட வேண்டும். இவற்றோடு, பழுதைத் தேடும் உழைப்புக்கு எனத் தனிக் கட்டணம் ஒன்றையும் ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்தல் நலம். அவ்வாறு செய்தால், பம்பை மாற்றாமலே பழுதைக் கண்டவருக்கும் வருவாய் உண்டு என்ற நிலை ஏற்படும்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக், டீசல் மெக்கானிக் ஆகிய பிரிவுகளில் பயிலும் மாணவர்களுக்கு இச்சோதனைகள் கற்பிக்கப்படுகின்றன. வண்டியை நாள்தோறும் கையாளும் ஓட்டுநர்களுக்கும் அரைநாள் பயிற்சியும் அலுவலகத்துக்கு ஒரு மல்டிமீட்டரும் தருவது பெருஞ்செலவன்று.

எல்லாப் பழுதும் கம்பியில்தான் இருக்கும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. பம்புகளும் தேய்கின்றன, தேய்ந்ததை மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதற்கு முன் அளக்க வேண்டும், அளந்ததை எழுத வேண்டும் என்பதே கூற வந்தது. அந்த மலை மாவட்டத்து வண்டி, கம்பியைப் புதிதாக்கி, அது தாங்கியில் உராயாதபடி ரப்பர் உறையிட்டுக் கட்டிய மறுநாளே மேலே உள்ள சிற்றூர்களுக்கு ஏறியது. முகாம் நடைபெற்றது. முதல் நாள் கோரிக்கையிலேயே “குலுங்கும்போது நிற்கிறது” என்ற ஓட்டுநரின் சொல்லை யாரேனும் எழுதி, அதன் பொருளைச் சிந்தித்திருந்தால், அது சில வாரங்களுக்கு முன்னரே நடைபெற்றிருக்கும்.